1961இல் கட்டிய ஃபேர்லண்ட்ஸ் வீடு: இடிக்காமல் சரிசெய்து குடியேற வழி சொல்லுங்கள்

கொலுசுப்பட்டறைப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

சேலம் ஃபேர்லண்ட்ஸில் எங்கள் தாத்தா 1961இல் கட்டிய வீடு. தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். தட்டல் சத்தமும் திராவகப் புகையும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் தூங்க வேண்டும் என்றுதான் இந்தப் பக்கம் மனை வாங்கினாராம். இப்போது அந்த வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். வயது 76, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. வருகிற ஜூனில் நானும் கணவரும் ஒன்பது வயது மகனும் சென்னையைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு வந்து இருக்கப்போகிறோம். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. மகனுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. வீடுதான் பாக்கி.

இது தொட்டிக்கட்டு வீடு இல்லை, ஓட்டு வீடும் இல்லை. அந்தக் காலத்தில் புதிதாக வந்த கான்கிரீட் பாணி. தட்டையான கூரை. மூன்று பக்கமும் அறுபடாமல் ஓடும் சன்ஷேட். வாசலில் இரண்டு ஒல்லியான இரும்புக் குழாய்த் தூண்களைத் தாண்டி முன்னால் நீண்டு நிற்கும் போர்டிகோ. மாடிப்படிக்கு வெளிச்சம் வர, தரையிலிருந்து கூரை வரைக்கும் சிமெண்ட் ஜாலி, அதாவது துளைத் துளையாக வார்த்த தடுப்பு. அக்கா மகள் கட்டடக்கலை படிக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள், "சித்தி, இது மிட் செஞ்சுரி மாடர்ன். உலகம் பூராவும் 1950, 60களில் இப்படிக் கட்டியிருக்கிறார்கள்" என்று மூலைக்கு மூலை படம் எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் அதற்குப் பெயர் எதுவும் வைத்ததில்லை. மே மாதத்தில் மற்ற வீடுகளைவிட இங்கே உட்கார முடியும், அது மட்டும் தெரியும்.

கூடத்துத் தரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இருந்த இடத்திலேயே வார்த்துத் தேய்த்த மொசைக். நடுவில் வெளிர் மஞ்சள், ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கரும்பச்சை, இரண்டுக்கும் இடையே கண்ணாடிப் பட்டி பதித்த கோடு. ஜன்னலோரம் தாத்தாவின் சாய்வு நாற்காலி கிடந்த இடத்தில் நாலு கால் தடமும் மங்கலாகத் தெரியும். மேற்கு மூலையில், தரை ஈரமாக இருந்தபோது பாட்டி ஒரு கெட்டி வெள்ளி மணியை அழுத்தி வைத்துவிட்டாராம். மெஷின் தேய்த்ததில் பாதி மணி போய், மீதி மிளகளவு வெள்ளி வட்டமாகத் தரையோடு தரையாக மின்னுகிறது. நான் தவழ்ந்த காலத்தில் அதை நகத்தால் பெயர்க்கப் பார்ப்பேனாம். என் மகனும் அதையேதான் செய்தான்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். போன ஐப்பசி மழையில் போர்டிகோவின் அடிப்பக்கத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து வாசற்படியில் விழுந்தது. தினமும் பூக்காரம்மா கூடையை இறக்கி வைக்கிற படி அது. அவர் எழுந்து போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் கம்பி கிடந்த இடம் வாய்க்கால் மாதிரி பதிந்திருந்தது. அதில் துரு ஏடு ஏடாக, வெங்காயச் சருகு போல ஒட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தால் முறுக்கு இல்லாத பழைய கம்பி இரண்டு, வெளியே தெரிகிறது.

இரண்டு கான்ட்ராக்டர்களை வரச் சொன்னோம். ஒருவர் பத்து நிமிடத்தில், "இடிச்சிடுங்க, கீழே கார் நிறுத்த விட்டுட்டு மேலே மூணு மாடி போடலாம்" என்றார். இன்னொருவர் இடிக்க வேண்டாம், புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றார். எனக்கு அவர் சொன்னதுதான் அதிகக் கவலை. மொசைக்கின் மேலேயே பளபள டைல்ஸ் ஒட்டிவிடுவார். பதினோரு அடிக் கூரையை ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒன்பதடிக்கு இறக்குவார். தேக்கு ஜன்னல்களைக் கழற்றிவிட்டு இழுவைக் கண்ணாடி. ஜாலியையும் கண்ணாடி போட்டு அடைத்துவிடுவார். மேற்குப் பக்கத்து மல்கோவா மரத்தை வெட்டினால் இரண்டாவது கார் நிறுத்தலாம். துருப்பிடித்த கம்பிக்கு? "மேலே பூசிட்டா தெரியாதுங்க."

கூரைக் கம்பி இந்த நிலையில் இருக்கும்போது அம்மாவையும் பிள்ளையையும் நம்பி வைத்திருக்கலாமா? மொட்டை மாடியில் ஏற்கெனவே கட்டியபோது போட்ட சுண்ணாம்புத் தளம், ஒழுகியபோது 1984இல் அப்பா அதன்மேல் போட்ட மூன்று அங்குலத் தளம், அதற்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு. வீடு மொத்தம் 1,400 சதுர அடி. சமையலறை ஒரே இருட்டு. பக்கத்து ஸ்டோர் ரூம் சுவரை எடுத்துவிட ஆசை. கழிவறை கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிறது. அம்மா ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு போகிறார். வயரிங் இன்னும் மரப்பட்டைக்குள்தான் ஓடுகிறது. ஏசி, இண்டக்‌ஷன், கணவரின் கம்ப்யூட்டர் எல்லாம் இதில் தாங்குமா?

வீட்டை மியூசியமாக வைக்க நான் கேட்கவில்லை. நாங்கள் அதில் வாழ வேண்டும். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்ல ஆள் இல்லை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

வணக்கம்மா. கட்டட வேலையில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே போர்டிகோவுக்கு முட்டுக் கொடுத்துவிடுங்கள். நாலு இரும்பு ஜாக்கி வாடகைக்கு எடுத்து, மேலேயும் கீழேயும் பலகை வைத்து நிறுத்தச் சொல்லுங்கள். அதுவரைக்கும் வாசற்படியில் யாரும் உட்காரக் கூடாது.

ஏன் இந்த அவசரம் என்றால், இப்படி முன்னால் நீட்டிய தளத்துக்கு உயிர்க்கம்பி, அதாவது பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பி, மேல்பக்கத்தில் இருக்கும். அடியில் பெயர்வது கண்ணுக்குத் தெரிகிறது. மேலே, சுவரோடு தளம் சேருகிற இடத்தில் மயிரிழை விரிசல் ஓடி மழைநீர் இறங்குவதை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. சன்ஷேட் முழுசாக ஒடிந்து விழுவது அப்படித்தான். ஏணி போட்டு ஏறி, அந்த மூலையைச் சுத்தமாகப் பெருக்கி, தண்ணீர் ஊற்றிவிட்டுக் காய விடுங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்த பிறகும் விரிசல் இருக்கிற இடம் மட்டும் ஈரக்கோடாக நிற்கும். மூன்று பக்கத்துச் சன்ஷேடுக்கும் இதைச் செய்யுங்கள்.

புதுக் கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. வருடக்கணக்கில் காற்றிலிருக்கும் கரியமில வாயு உள்ளே போய்ப் போய்க் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அது கம்பியைத் தொட்ட பிறகு ஈரம் கிடைத்தால் துரு ஆரம்பம். துரு, இரும்பு இருந்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். அதுதான் உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. இது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கப் பெரிய செலவில்லை. புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கிற இடம் ரோஸ் நிறமாகும், போன இடம் நிறம் மாறாது. கம்பிவரைக்கும் நிறம் மாறவில்லை என்றால் அந்த அறைக்கு முழு வைத்தியம் தேவை. ஒவ்வொரு அறையிலும் இரண்டு இடத்தில் பாருங்கள். பெரும்பாலும் போர்டிகோ, சன்ஷேட், குளியலறை மட்டும் கெட்டிருக்கும், நடு வீடு நன்றாக இருக்கும். ஆனாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் தட்டிப் பார்த்து எழுத்தில் கொடுக்காமல் எந்த வேலையும் ஆரம்பிக்க வேண்டாம்.

மேலே பூசி மறைப்பது பெரிய தவறு. துரு உள்ளே வளர்ந்து, அடுத்த முறை இன்னும் பெரிய துண்டாக விழும். கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் வரைக்கும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை இரும்புப் பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்க்க வேண்டும். துருத் தடுப்புப் பூச்சு, பிறகு பழசும் புதுசும் ஒட்டுவதற்கான பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த சாந்து. கம்பி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். இன்னொன்று, உங்கள் வீட்டில் இருப்பது முறுக்கு இல்லாத மழமழக் கம்பி. அது கான்கிரீட்டைப் பிடித்திருப்பது பெரிதும் முனையில் வளைத்த கொக்கியால்தான். கொத்துகிறவர் இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தக் கொக்கியை மெஷினால் அறுத்துவிடுவார். பக்கத்திலேயே நில்லுங்கள்.

மொட்டை மாடிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்று அங்குலச் சுண்ணாம்புத் தளம் ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, சுமார் 1,300 கிலோ. உங்களுக்குப் பதினாலு சதுரம். 1984இல் 18 டன் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நாங்கள் கணக்கில் விடுகிற பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அந்த இடம் முழுவதையும் இந்த ஒரு தளமே தின்றுவிட்டது. தட்டோடு தனி. எல்லா அடுக்கையும் அடியிலுள்ள கான்கிரீட் தளம்வரை பிரித்து இறக்கிவிட்டு, ஒரே ஒரு தளமாகப் புதிதாகப் போடுங்கள். 32 கன அடி செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரை அடி நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. மரக்கட்டையால் அடித்து இறுக்கி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து ஊற விட வேண்டும். பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் வேண்டும். பிரிக்கும்போது குவித்து வைக்காமல் உடனுக்குடன் கீழே இறக்கச் சொல்லுங்கள். குவியலின் பாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஸ்டோர் ரூம் சுவர் ஒன்பது அங்குலமா, நாலரையா என்று அளந்து சொல்லுங்கள். ஒன்பது என்றால் கூரை அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

மரவனேரி வீட்டுக்காரி:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் மாமனார் வீடும் அதே காலத்து வீடுதான். நாலு வருடத்துக்கு முன்னால் உங்களுடைய இரண்டாவது கான்ட்ராக்டர் சொன்ன அத்தனையையும் நாங்கள் செய்தோம். இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் தப்பிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஃபால்ஸ் சீலிங்கை முதலில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் இருக்கும். கூரையில் சேர்கிற சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. சீலிங்கை ஒன்பதடிக்கு இறக்கினால் வெண்டிலேட்டர் அதற்கு மேலே போய்விடும். எங்களுக்கு முதல் சித்திரையிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு முன் வரை பத்து மணிக்கு மேல் ஃபேன் மட்டும் போதும். சீலிங் போட்ட பிறகு விடிய விடிய ஏசி. அதுமட்டுமில்லை, கூரையில் ஒழுகல் ஆரம்பித்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு வருடம் கழித்துச் சீலிங்கில் மஞ்சள் வட்டம் வந்த பிறகுதான் பார்த்தோம். அதற்குள் கம்பி போய்விட்டது. இப்போது கூடத்தில் கழற்றியாகிவிட்டது. வெண்டிலேட்டர்களைத் துடைத்து, கொசுவலை அடித்து, கயிறு போட்டு இழுத்தால் திறக்கிற மாதிரி பழையபடி வைத்திருக்கிறோம்.

தரை. மொசைக்கின் மேல் டைல்ஸ் ஒட்ட, பசை பிடிக்க வேண்டுமென்று தரை முழுக்கக் கொத்திவிடுவார்கள். பிறகு எந்தக் காலத்திலும் திரும்ப வராது. இரண்டு அறையில் அப்படிப் போய்விட்டது. மற்ற அறைகளுக்காவது புத்தி வந்து மொசைக் தேய்ப்பவரைத் தேடினோம். அவர் முதலில் தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் கணுவால் தரை பூராவும் தட்டிப் பார்த்தார். வெற்றுச் சத்தம் வந்த இடங்களில் சாக்பீஸ் வட்டம். அந்த இடங்களை மட்டும் பெயர்த்து, வெள்ளைச் சிமெண்ட்டில் வண்ணப் பொடி கலந்து, பழைய சல்லியின் அளவுக்கே சலித்த கல் சேர்த்து வார்த்தார். ஒரே தடவையில் நிறம் ஒத்து வராது அக்கா. ஐந்தாறு சின்ன வில்லை வார்த்து, காயவைத்து, தேய்த்துப் பார்த்துத்தான் எங்கள் பச்சையைப் பிடித்தார். ஈரத்தில் பார்க்கும் நிறமும் காய்ந்த பின் பார்க்கும் நிறமும் வேறு வேறு. பிறகு தண்ணீர் விட்டு மெஷினில் முரட்டுக் கல், அடுத்து நடுத்தரம், நுண்துளைகளுக்குச் சிமெண்ட் பால் அடைப்பு, நாலைந்து நாள் ஊறவிட்டு மெல்லிய கல், கடைசியில் ஆக்ஸாலிக் பொடி பாலிஷ். பாட்டி வைத்த வெள்ளி மணியைச் சுற்றி மெஷின் போக விடாதீர்கள். அந்த ஒரு சாண் இடத்தைக் கைக்கல்லால் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மீதியும் தேய்ந்து போகும்.

தேக்கு ஜன்னலைக் கழற்றாதீர்கள். எங்களுடைய இழுவைக் கண்ணாடி ஜன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கிறது. பழைய இரட்டைக் கதவு முழுசாகத் திறக்கும். பெயிண்ட் உரிக்கும்போது உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். பழைய எனாமல் பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் போகக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈரத்துணி, ஈர உப்புத்தாள், முகக்கவசம் வேண்டும். பிள்ளையை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

வரைபலகை:

நான் சேலத்தில் வீடு வடிவமைப்பவன். இந்தப் பாணி வீட்டைச் சரிசெய்யக் கேட்டு வருகிறவர்கள் ஃபோனில் படம் காட்டுவார்கள். பெரும்பாலும் கலிஃபோர்னியா வீடுகள். 1950களில் ஜோசஃப் ஐக்லர் அங்கே கட்டி விற்ற வீடுகள் மாதிரி, தோட்டத்துப் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும். தரையைச் சூடாக்கிக் குளிர்காலத்தைத் தாண்டுவதற்கு. வெயிலை உள்ளே கூப்பிடுகிற வீடு அது. உங்கள் தாத்தாவின் மேஸ்திரி கட்டியது வெயிலை வெளியே நிறுத்துகிற வீடு. ஜாலியும் சன்ஷேடும் இருப்பது அதற்குத்தான். அந்த ஜாலியைக் கண்ணாடியால் அடைத்தால் மாடிப்படி முழுவதும் வாய் அடைத்த புகைக்கூண்டு மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொசுவும் தூசியும்தான் தொந்தரவு என்றால், உள்பக்கம் கழற்றி மாட்டுகிற வலைச் சட்டம் போதும். மழைச்சாரல் எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நம் பக்கத்திலேயே பார்க்க வேண்டிய கட்டடம் பாண்டிச்சேரியில் இருக்கிறது, அரவிந்தர் ஆசிரமத்துத் தங்கும் விடுதியான கோல்கொண்டே. கட்டடக்கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1937இல் வேலை தொடங்கியது. வெறும் கான்கிரீட். வெளிச்சுவருக்குப் பதிலாகத் திருப்பி மூடித் திறக்கிற கிடைப்பலகைகள், அறைக்குள்ளே தேக்கு இழுப்புக் கதவு. கூரைக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள். இரண்டுக்கும் நடுவில் காற்று போகிற இடைவெளி. உங்களுக்கும் அந்த யோசனை உதவும். ஓவர்சியர் ஐயா சொன்னபடி பாரத்தை இறக்கித் தளம் போட்ட பிறகு, தட்டோட்டின் மேல் வெள்ளை அடியுங்கள். மேற்குப் படுக்கையறைக்கு மேல் மட்டும் இலேசான பந்தல் போட்டால் இன்னும் நல்லது. மாமரம் அந்தப் பக்கம்தான் என்கிறீர்கள். மூன்று மணி வெயிலை அது வாங்கிக்கொள்கிறது. காரை அதன் நிழலிலேயே நிறுத்தலாம், மல்கோவா காய்க்கிற இரண்டு மாதம் மட்டும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கழிவறைக்குத்தான் நான் முதலில் வரைவேன். அவர் படுக்கும் அறையை ஒட்டிப் பத்துக்கு ஐந்து அடியில் ஏதாவது அலமாரி அறை, பூஜை சாமான் அறை இருக்கிறதா? வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. நாலு அங்குலக் குழாயைச் சுவர் தாண்டி வெளியே எடுத்து, கட்டடத்துக்கு வெளியிலேயே வாட்டம் கொடுத்துக் கொண்டுபோகலாம். கூடத்து மொசைக்கில் ஒரு கோடு கூட வெட்ட வேண்டாம். வாசல் மூன்றடி அகலம், நிலைப்படியே இல்லாமல். பின்னாளில் சக்கர நாற்காலி வேண்டியிருந்தால் அப்போது உடைக்க வேண்டாம். உள்ளே மட்டும் மொசைக் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள். கைப்பிடியைத் திருகாணி வெறும் பூச்சில் பிடிக்கிற மாதிரி இல்லாமல், செங்கல்லுக்குள் இறங்குகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள்.

வயரிங் முழுக்க மாற்ற வேண்டும், இதில் பேச்சே இல்லை. மரப்பட்டைக்குள் இருப்பது ரப்பர் உறை போட்ட வயர். ரப்பர் காய்ந்து, தொட்டால் பொடியாகும். எர்த்தும் எல்லா இடத்துக்கும் போயிருக்காது. புது எர்த் குழி, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற கருவி), ஒன்றரை டன் ஏசி ஒவ்வொன்றுக்கும் நேராக மெயினிலிருந்து நாலு ஸ்கொயர் (நாலு சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர், சமையலறைக்குத் தனிச் சுற்று. கூரைத்தளத்தில் மட்டும் காடி வெட்ட விடாதீர்கள். பழைய பட்டை ஓடிய அதே கோட்டில் புதுத் தேக்குப் பட்டையோ பைப்போ வெளியாக ஓடினால் அசிங்கமாக இருக்காது, அந்த வீட்டுக்கு அதுதான் பொருந்தும்.

கொல்லை ஆஸ்பெஸ்டாஸை உடைத்து இறக்கக் கூடாது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும்.

ஒண்டிக்கடை:

நான் ஏற்காட்டில் இருப்பவன். எங்கள் காப்பித் தோட்டத்து வீடும் 1950களில் கட்டியது. சேலத்து வெயில் எங்களுக்குத் தெரியாது, ஓதம்தான் தெரியும். ஒரே ஒரு விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதா, சிமெண்ட்டா என்று பாருங்கள். ஒரு மூலையில் ஆணியால் சுரண்டினாலே தெரியும், சுண்ணாம்பு மாவாகக் கொட்டும். சுண்ணாம்புச் சுவரில் உப்புப் பூத்த இடத்தைச் சிமெண்ட் பூசி அடைத்தால் ஈரம் அங்கே நிற்காது, இரண்டடி மேலே ஏறிப் பூக்கும். எங்கள் வீட்டில் இப்படியே இடுப்புயரம், தோளுயரம் என்று ஏறியது. எல்லாச் சிமெண்ட்டையும் கொத்திவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசிய பிறகுதான் சுவர் காய்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவந்த சிமெண்ட் அத்தனையும் வீண்.

கொலுசுப்பட்டறைப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாகப் பதில் எழுத முடியவில்லை, நீங்கள் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாக்கி அன்றைக்கு மறுநாளே நிறுத்தியாகிவிட்டது. பூக்காரம்மா இப்போது பக்கவாட்டுத் திண்ணையில் உட்காருகிறார்.

ஓவர்சியர் ஐயா, தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வேலையை நானும் மகனும் செய்தோம். தெற்குச் சன்ஷேடில் ஒன்றும் இல்லை. கிழக்கிலும் இல்லை. மேற்கில், படுக்கையறை ஜன்னலுக்கு மேலே, நாலடி நீளத்துக்கு ஈரக்கோடு நின்றது. "அம்மா, கோடு போட்ட மாதிரி இருக்கு" என்று அவன்தான் காட்டினான். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அவன் சைக்கிள் நிற்கும். அதற்கும் முட்டுக் கொடுத்துவிட்டோம்.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து அரை நாள் இருந்தார். பினாப்தலீன் தெளித்தபோது அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை நாலும் கம்பிக்கு முன்னாலேயே ரோஸாகிவிட்டன. போர்டிகோவிலும் கொல்லைக் குளியலறையிலும் நிறமே வரவில்லை. போர்டிகோவை நீங்கள் சொன்ன முறையில் சரிசெய்யலாம், இடிக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மேற்குச் சன்ஷேடில் அந்த நாலடியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக வார்க்கச் சொல்கிறார், பழைய அதே மெல்லிய விளிம்போடு. மாடியின் எல்லா அடுக்கையும் இறக்கச் சொல்வதில் அவரும் உங்கள் பக்கம்தான்.

ஸ்டோர் ரூம் சுவர் ஒன்பது அங்குலம். அதனால் முழுசாக எடுக்கும் ஆசையை விட்டுவிட்டேன். பொறியாளர் மேலே லிண்டல் போட்டு நாலடித் திறப்பு மட்டும் விடலாம் என்கிறார். வெளிச்சத்துக்கு அது போதுமா என்று சந்தேகமாக இருந்தது. அப்போது அம்மா ஒரு விஷயம் சொன்னார். சமையலறை முதலில் இருட்டாகவே இல்லையாம். விறகடுப்பு இருந்த காலத்தில் அடுப்பு மேடைக்கு மேலே புகைக்கூண்டும் அதன் இரண்டு பக்கமும் வெண்டிலேட்டரும் இருந்தனவாம். கேஸ் வந்த பிறகு, எண்ணெய்ப் பிசுக்கில் பல்லி தங்குகிறது என்று செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். பூச்சைச் சுரண்டிப் பார்த்தேன், தேக்குச் சட்டம் அப்படியே உள்ளே இருக்கிறது. அதைத் திறக்கப்போகிறோம். புகைக்கூண்டு வழியாகவே சிம்னியின் குழாயும் போய்விடும்.

மரவனேரித் தங்கச்சி, நீங்கள் சொன்ன மாதிரி தட்டிப் பார்த்ததில் கூடத்தில் மூன்று இடம்தான் வெற்றுச் சத்தம். வெள்ளி மணி இருக்கிற மூலை கெட்டியாக இருக்கிறது. வரைபலகை சார், அம்மாவின் அறையை ஒட்டித் தாத்தா வெள்ளிக்கட்டி வைத்துப் பூட்டிய சின்ன அறை இருக்கிறது, வெளிச்சுவரை ஒட்டித்தான். ஒன்பதுக்கு ஐந்து. பத்தில்லாவிட்டால் பரவாயில்லையா? ஜன்னல் கிடையாது, வெண்டிலேட்டர் ஒன்று உண்டு. அந்த அறையைக் கழிவறை ஆக்குவதில் அம்மாவுக்கு முதலில் மனசே இல்லை. தன் அப்பாவின் பெட்டி இருந்த இடம் என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி கொல்லையிலிருந்து திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் நின்று, "கட்டிடு, ஆனா அந்த இரும்புக் கதவ என்ன பண்ணுவ?" என்று கேட்டார். கதவை மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரிக்கு மாட்டப்போகிறேன்.

தை பிறந்ததும் மாடியைப் பிரிக்கிறோம். பங்குனி முடிவதற்குள் தளம் போட்டு முடிக்க வேண்டும். ஆனால் சுண்ணாம்பும் கடுக்காயும் என்று சொன்னாலே இங்கே கேட்கிற மேஸ்திரிகள் எல்லோரும், "சிமெண்ட்லயே போட்டுக்கலாம்" என்கிறார்கள். அடிக்கிற ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?

வரைபலகை:

ஒன்பதுக்கு ஐந்து தாராளம். வெண்டிலேட்டரில் ஒரு எக்ஸாஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள். வாசலை அம்மாவின் கட்டிலிலிருந்து எழுந்தால் நேரே தெரிகிற பக்கம் வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

சின்ன வேலைக்கு அவர்கள் வர மாட்டார்கள், அதனால்தான் கிடைக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். பதினாலு சதுரம் என்றால் வருவார்கள். பழைய கோயில் திருப்பணி நடக்கிற இடங்களில் கேளுங்கள், அங்கே தளம் போடுகிறவர்கள் இன்னும் சுண்ணாம்புதான் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் ஓமலூர் பக்கம் இருக்கிறார், தனிச் செய்தியில் அனுப்புகிறேன். சுண்ணாம்பை மட்டும் அவர் வருவதற்கு முன்பே வாங்கித் தண்ணீரில் நீற்றி வையுங்கள். குறைந்தது இரண்டு வாரமாவது ஊற வேண்டும். தொட்டியைச் சுற்றித் தட்டி கட்டிவிடுங்கள், வீட்டில் பிள்ளை இருக்கிறான்.